கிரவுண்ட் பிளைண்ட்: 'மறைகுடில்' என்று வைக்கலாமா?

அன்பு நண்பர்களே, வணக்கம். விலங்கின் கண்ணில் படாமல் தரையில் உட்கார்ந்திருக்க வேட்டைக்காரர்களும் படம் பிடிப்பவர்களும் போடுகிற மறைப்பை ஆங்கிலத்தில் 'கிரவுண்ட் பிளைண்ட்' (ground blind) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில், நம் குழுவில் திருப்பத்தூர் ஐயா இப்படி எழுதியிருந்தார்:

> தரையில் போடுகிற பரண்தானே, 'தரைப்பரண்' என்றே சொல்லிவிடலாம்.

ஐயாவின் இந்தப் பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. தினைப்புனத்தில் கிளி ஓட்டிய காலம் தொட்டு, இன்று கடலைக்கொல்லையில் பன்றிக்குக் காவல் இருப்பது வரை, பரண் என்றால் கால் நட்டு உயரத்தில் கட்டியதுதான். மேலே இருப்பவர் சற்று அசைந்தாலும் கீழே மேயும் விலங்குக்கு எளிதில் தெரியாது. தரையில் உட்கார்ந்தவருக்கு அந்த வசதி கிடையாது. விலங்கின் கண்ணும் அவர் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். மறைப்பு ஒன்றை நம்பித்தான் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். பெயரிலும் அது தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் உரிமம் வாங்கி மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளும் கூடாரம் அது. மான் அதைக் கண்டு மிரளாமல் பழக வேண்டும் என்பதால் சில வாரங்கள் முன்பே கொண்டுபோய் நட்டுவிடுவார்கள். அங்கேயே வளர்ந்த கிளையையும் புல்லையும் செருகி அதன் வடிவம் தனித்துத் தெரியாதபடி செய்வார்கள். உள்பக்கத் துணி கறுப்பு. உட்காருபவரும் கறுப்புச் சட்டைதான் போடுவார். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் ஆள் நிழலுருவாகத் தெரிந்துவிடும், ஆகவே பின்பக்கத்தை மூடிவிடுவார்கள். காற்று விலங்கிடமிருந்து தம்மை நோக்கி வீசும்படி இடம் பார்ப்பார்கள். வில் வேட்டைக்காரர்களுக்கு இதில் தனி ஆதாயம் உண்டு: நாண் இழுக்கும் அசைவு வெளியே தெரியாது. வான்கோழிக்கு மோப்பம் பெரிதில்லை, பார்வை மிகக் கூர்மை. அதனிடமிருந்தும் இந்தக் கறுப்புத் துணி ஆளை மறைத்துவிடுகிறது. நம் மயிலும் அதே குடும்பம்தான்.

நம் பக்கம் வேட்டைக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது, நல்லதே. ஆனால் கருவி நமக்கும் வேண்டும். நம் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வரும் நத்தைகுத்தி நாரைகளுக்காக, அதை ஒட்டிய ஊரான கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட மண்ணில் கேமராவோடு கண்மாய்க் கரையில் நடந்துபோய்ப் பறவைகளைக் கிளப்பிவிடுவது எனக்கு மனம் பொறுக்காத காரியம். சரணாலயத்துக்குள் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். கூடு இருக்கும் மரத்தடியில் எங்கேயுமே இந்த மறைப்பைப் போடக் கூடாது. மற்றக் கண்மாய்களில், ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, விடியுமுன் உள்ளே போய் உட்கார்ந்துவிட வேண்டும். ஆக, வேட்டைக்காரருக்கும் படம் பிடிப்பவருக்கும் பொதுவாக ஒரு சொல் தேவை.

'பதுங்குகுடில்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் பதுங்குவது என்றதும் பாய்ச்சல் நினைவுக்கு வருகிறது; பறவை பார்ப்பவருக்கு அது பொருந்தாது. அப்புறம், இந்தக் குழுவில் ஈழத்து உறவுகளும் இருக்கிறார்கள். பதுங்கு குழிக்குள் ஷெல்லடிக்கு அஞ்சிக் கிடந்தவர்களுக்கு அந்தச் சொல் எதைக் கிளறும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 'மறைவிடம்' என்றால் போலீஸ் தேடுகிறவன் ஒளிந்திருக்கும் இடம் என்றே செய்தித்தாள் பழக்கிவிட்டது. 'மறைகூடாரம்' தவறில்லை, ஆனால் பனையோலைத் தட்டியும் கருவேல முள்ளும் வைத்து நாமே கட்டுவதைக் கூடாரம் என்று எப்படிச் சொல்வது?

அதனால் 'மறைகுடில்' என்பதை முன்வைக்கிறேன். வினைத்தொகை, மறைந்த, மறைகிற, மறையும் குடில் என மூன்று காலத்துக்கும் நிற்கும். துணியானாலும் ஓலையானாலும் பொருந்தும். மடித்து எடுத்துப்போவது 'மடக்கு மறைகுடில்', கட்டி நிறுத்தியது 'நிலை மறைகுடில்'. கிளை செருகும் வேலைக்கு 'தழை வேய்தல்' போதும். கூரை வேய்கிற நம் ஊருக்கு வேய்தல் புதிதில்லை.

ஜன்னலுக்குத்தான் இன்னும் சரியான சொல் அமையவில்லை. 'சாளரம்' வீட்டுக்குரியதாக ஒலிக்கிறது, 'துளை' மிகச் சிறிதாக இருக்கிறது. தட்டி கட்டிப் பழகியவர்கள் வீட்டில் இருந்தால், நடுவே விடும் திறப்பை என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து