டாட்டிங் லேஸ் கரை பின்னுகிறவர்கள் வாங்க, கதைப்போம்

கல்லடியிலிருந்து:

மட்டக்களப்புப் புளியந்தீவில் எனக்குச் சட்டை தைத்துத் தருகிற, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் அன்ரி ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜக்கை ஒரு வட்ட வலைத்துணியால் மூடி வைத்திருந்தார். துணியைச் சுற்றிவர டாட்டிங் லேஸ், அதாவது நூலை முடிச்சு முடிச்சாகப் போட்டு வட்டம் வட்டமாகப் பின்னுகிற கரை. அதில் நீட்டி நிற்கிற சின்ன நூல் வளையம்தான் பிகோ, பிகோ ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடி மணி. வடிவாக இருக்கிறது என்றேன். "வடிவுக்கு இல்ல மகள், காத்துக்குத் துணி பறக்காம இருக்கத்தான் மணி" என்றார். வாவிக் காற்று அடிக்கிற வீட்டில் அது சரிதான்.

நான் கொக்கியால் குரோஷே பின்னுகிற ஆள். டாட்டிங்கில் ஊசியும் இல்லை, கொக்கியும் பெரிதாக வேலை செய்யாது. வள்ளம் மாதிரி ஒரு சின்ன ஷட்டில், அவ்வளவுதான். பழக்கித் தாங்க என்று கேட்டேன். இடது கையில் நூலை வளையமாகப் பிடித்து, ஷட்டிலை அதற்குக் கீழால் ஒரு தரமும் மேலால் ஒரு தரமும் விட்டெடுத்தால் ஒரு இரட்டை முடிச்சு. கேட்க லேசுதான். ஆனால் முடிச்சு முதலில் ஷட்டில் நூலில்தான் விழுகிறது. இடது கை விரலைத் தளர்த்தி, ஷட்டில் நூலை நேராக இழுத்தால், முடிச்சு துள்ளி இடது கை வளைய நூலுக்கு மாறும். "கிறுகவிடு, கிறுகவிடு" என்று அன்ரி சொல்லிக்கொண்டே இருந்தது இதைத்தான். ஷட்டில் நூல் நடுவால் சும்மா ஓட வேண்டும். அப்போதுதான் கடைசியில் இழுக்கும்போது முடிச்சுகள் சேர்ந்து வட்டமாக மூடும். ஒரு முடிச்சு மாறாமல் நின்றுவிட்டாலும் அந்த இடத்தில் நூல் சிக்கிக்கொள்ளும், எவ்வளவு இழுத்தும் பயனில்லை. மூடிய வட்டத்தைப் பிரிப்பதும் பெரும்பாடு, கத்தரிக்கோல்தான் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணி வைப்பதென்றால் முதலே நூலில் கோர்த்துவிட்டுத்தான் ஷட்டிலில் சுற்ற வேண்டும். பாதியில் நினைவு வந்தால் கஷ்டம்.

நூலுக்கு இலக்கம் கூடக் கூட மெல்லிசு. லேஞ்சிக்கு (கைக்குட்டைக்கு) 80 நல்லது. மேசைவிரிப்பு, திரைச்சீலைக்கு 20 எடுங்கள். 80இல் திரைச்சீலைக் கரை பின்னுவேன் என்று ஆசைப்படுகிறவர்கள் அடுத்த வருடப் பிறப்புக்குத் தொங்கவிடலாம்.

கல்முனையிலிருந்து:

எனக்கு மருதமுனையில் ஒரு அனுபவம். மேசைவிரிப்புக்குக் கைத்தறித் துணி வாங்கப் போனேன். நான்கு பக்கமும் லேஸ் வைக்கப் போகிறேன் என்றதும் தறியில் இருந்த முஸ்லிம் அண்ணன், காக்கா என்போம், கையை நிறுத்திவிட்டார். "ஒருக்காக் கழுவிக் காயப்போட்டு மறுகா அளங்க தங்கச்சி. புதுத் துணி சுருங்கும்" என்றார். அவருக்கு டாட்டிங் தெரியாது, துணி தெரியும். லேஸ் நூல் பெரும்பாலும் மெர்சரைஸ் செய்த, அதாவது மினுக்கம் வரப் பதப்படுத்திய பருத்தி, அது அவ்வளவு சுருங்காது. துணி மட்டும் சுருங்கினால் கரை அலை அலையாக எழும்பி நிற்கும். அப்படி ஒரு விரிப்பைக் கலியாண வீடொன்றில் பார்த்திருக்கிறேன், பாவம், எவ்வளவு வேலை!

அளக்கிற விதமும் சொல்கிறேன். பத்து வட்டம் பின்னி, இஸ்திரி போட்டு, அதன் நீளத்தைப் பாருங்கள். துணியின் ஒரு பக்கத்துக்கு எத்தனை வட்டம் என்று அதிலிருந்து கணக்கு வரும். ஐந்து முடிச்சு, பிகோ, ஐந்து முடிச்சு என்று போகிற சாதாரண வட்டமே கரைக்குப் போதும். பக்கத்து வட்டத்தின் பிகோவில் நூலைச் சின்னக் கொக்கியால் இழுத்து இணைத்துக்கொண்டே போகலாம். மூலையில் மட்டும் மூன்று வட்டத்தை ஒரே அடியில் கொத்தாகப் போட்டால் கரை தானாக வளையும். மூலையில் கொத்து இல்லாமல் இழுத்துத் தைத்தால் துணி கிண்ணம் மாதிரி தூக்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து:

என் மாமி வைத்திருந்த தலையணை உறைகள் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் அவ கையால் பின்னின டாட்டிங் கரை. விறைப்பாக நிற்கட்டும் என்று கஞ்சி போட்டு மடித்து அலுமாரியில் வைத்திருந்தா. திறந்து பார்த்தால் இராமபாணப் பூச்சி. லேஸ் ஓரம் முழுக்க ஓட்டை. கஞ்சிதான் அதற்குச் சாப்பாடு. இப்போது எங்கள் வீட்டில் விருந்தாளி வருகிற நேரம் மட்டும் கஞ்சி, எடுத்து வைக்கும்போது அலசிக் காயவிட்டு, உருட்டி, வெள்ளைத் துணிக்குள். மடிப்பு விழுகிற இடத்தில்தான் நூல் முதலில் அறும் என்று மாமியே பிறகு சொன்னா.

கல்லடியிலிருந்து, மறுபடியும்:

இதைக் கேட்டதும் அன்ரியிடம் போய் விசாரித்தேன். அவர் ஜக் மூடிக்குக் கஞ்சியே போடுவதில்லையாம், மணியின் பாரமே இழுத்துப் பிடிக்கும் என்கிறார். விற்பதற்குப் பின்னலாமே என்றும் கேட்டேன். ஒருவர் வந்து, கடையில் யார் (கெஜம்) கணக்கில் விற்கிற மெஷின் லேஸின் விலையைச் சொல்லிப் பேரம் பேசினாராம். அதற்குப் பிறகு சொந்தக்காரருக்கு மட்டும்தான். நியாயம்தான் என்று எனக்குப் படுகிறது. புளியந்தீவுப் பக்கம் 20 இலக்க வெள்ளை நூல் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.