சுரிகாட்டா ஐபிஎஸ்: சிபியு 30 சதவீதம்தான், ஆனாலும் பாக்கெட் டிராப்

காவல்_வலை:
ஊடுருவலைத் தடுக்கும் மென்பொருளான (ஐபிஎஸ்) சுரிகாட்டாவை, லினக்ஸில் பாக்கெட்டைப் பிடிக்கும் ஏஎஃப்-பாக்கெட் வழியில், டிராஃபிக் அதன் ஊடாகவே போகும்படி இன்லைனாக ஓட்டுகிறேன். 10 ஜிபிபிஎஸ் போர்ட் இரண்டு, 16 கோர், சுமார் 30,000 விதிகள். 2 ஜிபிபிஎஸ் தாண்டினாலே கெர்னல் டிராப்ஸ் (சுரிகாட்டா எடுப்பதற்குள் கெர்னலில் விழும் பாக்கெட்டுகள்) ஏறுகிறது. ரிங் சைஸைக் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடத்தின் அளவு) கூட்டியதில் டிராப் கொஞ்சம் தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. விதிகளைக் குறைப்பதா?

பாக்கெட்_பித்தன்:
விதிகளில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். ரிங் சைஸ் திடீர் ஏற்றத்தைத்தான் தாங்கும். சுமை தொடர்ந்து இருந்தால் அதுவும் நிரம்பிவிடும், இன்லைனில் தாமதமும் கூடும்.

டாப் கட்டளையில் பெரிய ஹெச்சைத் தட்டி த்ரெட் வாரியாகப் பாருங்கள். ஒரு ஒர்க்கர் (பாக்கெட்டுகளைச் சோதிக்கும் த்ரெட்) மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், பேக்கப், ரெப்ளிகேஷன் மாதிரி ஏதோ ஒரே கனெக்‌ஷன் அதை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு ஃப்ளோவின், அதாவது ஒரு இணைப்பின், பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே ஒர்க்கருக்குத்தான் போகும். 64 கோர் போட்டாலும் இது தீராது. அந்த இரு ஐபிக்கும் போர்ட்டுக்கும் மட்டும் பாஸ் விதி (சோதிக்காமல் விடச் சொல்வது) எழுதி, அதிலேயே பைபாஸ் கீவேர்டையும் சேருங்கள். வெறும் பாஸ் என்றால் விதிச் சோதனைதான் நிற்கும், ஸ்ட்ரீம் வேலை (பாக்கெட்டுகளைக் கோர்ப்பது) தொடரும். பைபாஸ் ஆன ஃப்ளோவை அதன்பின் யாரும் பார்க்கப் போவதில்லை; அதனால் சப்நெட் முழுவதையும் அள்ளிப் போடாதீர்கள்.

கான்ஃபிக் ஃபைலில் டிஎல்எஸ் (மறையாக்கிய இணைப்பு) பகுதியில் என்கிரிப்ஷன் ஹேண்ட்லிங்கையும் பைபாஸ் ஆக்கலாம். ஹேண்ட்ஷேக் முடிந்தபின் வருவது எப்படியும் படிக்க முடியாத பைட்டுகள். எஸ்என்ஐ (ஹேண்ட்ஷேக்கில் வரும் தளப்பெயர்) பார்க்கும் விதிகள் வழக்கம்போல ஓடும்.

கம்பி_வேகம்:
இரண்டு போர்ட்டிலும் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ (வரும் பாக்கெட்டுகளைச் சேர்த்துத் தரும் வசதிகள்) அணைந்திருக்கிறதா? எத்டூல் கட்டளையில் பெரிய கே கொடுத்து அணைக்கவும். த்ரெட் எண்ணிக்கை இரு இன்டர்ஃபேஸிலும் ஒன்றாகவும், கிளஸ்டர் ஐடி (த்ரெட் குழுவின் எண்) வெவ்வேறாகவும் இருக்க வேண்டும். டிபேக்கெட் வி3 (ஏஎஃப்-பாக்கெட் ரிங்கின் ஒரு வடிவம்) வேண்டாம், அது ஐபிஎஸ்ஸுக்கு ஏற்றதல்ல.

காவல்_வலை:
ஒரு ஒர்க்கர்தான் நிரம்பியிருந்தது, பேக்கப் டிராஃபிக். ஜிஆர்ஓவை அணைத்தால் சிபியு சுமை கூடுமே?

கம்பி_வேகம்:
கூடும், தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஜிஆர்ஓ பல பாக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டிவிடும். 1500 எம்டியூ (பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) உள்ள மறு போர்ட் வழியாக அந்தப் பெரிய பாக்கெட் வெளியே போக முடியாமல் விழும். சிறிய கோரிக்கைகள் சரியாக ஓடி, பெரிய ஃபைல் மட்டும் திணறினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பாக்கெட்_பித்தன்:
பேக்கப் ஒதுங்கியபின் எல்லா ஒர்க்கரும் சமமாக நிரம்பினால்தான் விதிகளின் முறை. எம்பிஎம் அல்காரிதம் (பல சொற்களை ஒரே சமயத்தில் தேடும் முறை) ஹைப்பர்ஸ்கேனாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹோம் நெட்டை (உங்கள் உள் நெட்வொர்க்கைக் குறிக்கும் அமைப்பு) எனி (எதுவானாலும்) என்று விட்டிருந்தால் உங்கள் உள் முகவரிகளை எழுதுங்கள். எனி இருந்தால் திசை பார்த்துக் கழிக்க வேண்டிய விதிகளும் சோதனைக்கு வரும். அடுத்து, கன்டென்ட் (நேரடியாகத் தேடும் சொல்) இல்லாமல் பிசிஆர்இ (ரெகெக்ஸ், அதாவது வடிவத் தேடல்) மட்டும் உள்ள விதிகள். முன்வடிகட்டி இல்லாததால், முகவரியும் போர்ட்டும் புரோட்டோகாலும் பொருந்தினால் போதும், அந்த ரெகெக்ஸ் ஓடும். விதி புரொஃபைலிங்கை (எந்த விதி எவ்வளவு நேரம் தின்கிறது என்ற அளவீடு) ஓடும் பெட்டியில் போடாமல், பிடித்துவைத்த பிகேப்பை (டிராஃபிக் பதிவு ஃபைல்) வேறு மெஷினில் ஓட்டிப் பாருங்கள். புரொஃபைலிங்கே வேகத்தைக் கெடுக்கும்.

கெர்னல் டிராப்ஸ் தொடக்கத்திலிருந்து சேர்ந்துகொண்டே வரும் எண். மாற்றத்துக்குப் பின், அடுத்தடுத்த இரண்டு பதிவுகளின் வித்தியாசத்தைப் பாருங்கள்.