புதுப்பிப்பு: மகளை டவுன் பள்ளியிலேயே சேர்த்தாச்சு

ஜூனில் கேட்டிருந்தேனே, மகளை இங்கே தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் விடுவதா, இலங்கை மலையகத்தில் எங்களுக்குக் கிட்டிய ஹட்டன் டவுனில் உள்ள பள்ளிக்கு அனுப்புவதா என்று. டவுனிலேயே இடம் கிடைத்துவிட்டது. தரம் 1 தொடங்கி ஒரு மாதம் ஆகிறது.

ஜனவரி 31 அன்று ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்ற விதியில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. குடியிருப்புக்குச் சான்றாக வாக்காளர் இடாப்பைத்தான் (வாக்காளர் பட்டியல்) பார்க்கிறார்கள்; அதில் எங்கள் பெயர் பழைய லயத்து (தோட்டத்து வரிசை வீடு) முகவரியில் இருந்ததுதான் சிக்கல். கிராம சேவகரிடம் மூன்று தடவை நடந்தேன். விண்ணப்பிக்க இருப்பவர்கள் இதை முதலில் பாருங்கள்.

பாடநூல் எல்லாம் இலவசம். 1980 முதல் அப்படித்தான். சீருடைத் துணியும் அரசாங்கமே கொடுக்கிறது, தையல் கூலி நம் தலையில். பள்ளியில் சாப்பாடும் உண்டு. முதல் வாரம் கடலையைத் தொடாத பிள்ளை, இப்போது வீட்டிலும் கேட்கிறாள்!

ஒருவரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று: தரம் 1 பிள்ளைகளை 11.30க்கே விட்டுவிடுகிறார்கள். கொழுந்து பறிக்கும் அம்மா அந்த நேரத்தில் மலையில் இருப்பாள். எங்கள் வீட்டில் அம்மாயி பஸ் ஏறிப்போய்க் கூட்டி வருகிறார். அப்படி ஆள் இல்லாத வீட்டுக்கு, அண்ணன்மாரே, தோட்டத்துப் பள்ளிதான் சரி என்று இப்போது நினைக்கிறேன்.

அப்புறம், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டுமே வேலை நாள்.