அலையே இல்லாம கரை ஓரத்துல தண்ணி தானா ஓடுது, ஷாலோ வாட்டர் (அலை நீளத்தோட பாத்தா ஆழம் குறைவான தண்ணி ஓட்டத்தோட சமன்பாடு) கோடு உதவி வேணும்

மணல்மேடு:
வணக்கம். 2004 சுனாமி நாகப்பட்டினம் கரையில எப்படி ஏறுச்சுன்னு பாக்கறதுக்காக பைத்தான்ல 1டி மாடல் எழுதிட்டு இருக்கேன், ஃபைனைட் வால்யூம் (தண்ணிய சின்ன சின்ன துண்டா, அதாவது செல்லா, பிரிச்சு கணக்கு போடற முறை), எச்எல்எல் ஃப்ளக்ஸ் (செல்லுக்கு செல் எவ்வளவு தண்ணியும் உந்தமும் போகுதுன்னு சொல்ற ஃபார்முலா), செல் 5 மீட்டர். நிஜ தரைமட்டம் போடறதுக்கு முன்னாடி 10 மீட்டர் ஆழத்துலருந்து 50-க்கு 1 சரிவுல கரை ஏற்ற மாதிரி வச்சு தண்ணிய சும்மா நிக்க விட்டேன், ஒண்ணுமே அசையக்கூடாதுல்ல, ஆனா கரையத் தொடற செல்லுல வேகம் கிளம்பி கடல் பக்கமா ஓடுது, கொஞ்ச நேரத்துல டைம் ஸ்டெப் சுருங்கி சுருங்கி ரன் நகரவே மாட்டேங்குது. சிஎஃப்எல் (ஒரு டைம் ஸ்டெப்ல அலை செல்லுல எவ்வளவு பங்கு கடக்கலாம்ங்கற வரம்பு) 0.3 வரைக்கும் குறைச்சாச்சு. யாராவது பாருங்க ப்ளீஸ்.

நீரோட்டம்:
சிஎஃப்எல் பிரச்சனை இல்ல தம்பி. 10 மீட்டர் ஆழத்துல அலை வேகமே 9.9 மீ/செ தான், 5 மீட்டர் செல்லுக்கு 0.45 செகண்ட் ஸ்டெப்பே தாங்கும். காஞ்ச செல்லுல நீர்மட்டம்னு என்ன வச்சிருக்கீங்க?

மணல்மேடு:
ஆழம் 0, அதனால தரை உயரமே நீர்மட்டம் அண்ணா. செல் ஓரத்துல தரை ரெண்டு பக்கத்தோட சராசரி, நீர்மட்டத்துலருந்து அதைக் கழிச்சா ஆழம்.

நீரோட்டம்:
அதான் விஷயம். உங்க சரிவுல செல்லுக்கு செல் தரை 10 செ.மீ. ஏறுது. கடைசி ஈர செல்லோட தரை -0.05, அடுத்த காஞ்ச செல் +0.05னு வைங்க, சராசரி 0. ஈரப் பக்கம் ஆழம் 0 வருது, சரி, ஆனா காஞ்ச பக்கம் 0.05 வருது பாருங்க, இல்லாத தண்ணி 5 செ.மீ.! அதுதான் கடல் பக்கம் தள்ளுது. சராசரிக்கு பதிலா ரெண்டு தரையில எது உயரமோ அதை எடுங்க, ஆழம் மைனஸ் ஆனா 0 ஆக்கிடுங்க. முக்கியமா, செல்லோட நிஜ ஆழத்துக்கும் இந்த ஓர ஆழத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அந்தந்த செல்லோட ஃப்ளக்ஸ்ல கூட்டணும், இதை விட்டா மறுபடி ஓடும். ஓடூஸும் கூட இருந்தவங்களும் 2004-ல எழுதின ஹைட்ரோஸ்டேடிக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் இதுதான்.

அலைவாய்:
கூடவே 1 மி.மீ.க்கு கீழ ஆழம் போனா வேகத்தை 0 ஆக்குங்க. உந்தத்தை துக்குணியூண்டு ஆழத்தால வகுக்கறதுனாலதான் வேகம் பறக்குது, டைம் ஸ்டெப் சுருங்கறதும் அதனாலதான்.

மணல்மேடு:
நின்னுடுச்சு அண்ணா!! வேகம் 10^-15 அளவுலயே இருக்கு, ரொம்ப நன்றி. இதே கோடுல தினமும் வர்ற சாதாரண அலையையும் ஓட்டலாமா?

நீரோட்டம்:
முதல்ல கோடு சரியான்னு பாக்க தாக்கர் 1981-ல கொடுத்த கிண்ணம் டெஸ்ட் ஓட்டுங்க, தண்ணி சரிவுல ஏறி இறங்கும், சரியான விடை ஃபார்முலாவா இருக்கு. அப்புறம் சினோலாகிஸ் 1987-ல எழுதின, ஒத்தை அலை கரை ஏறற டெஸ்ட், 19.85-க்கு 1 சரிவு, அலை உயரம் ஆழத்துல 0.0185 உள்ள கேஸ், அது உடையாது. சாதாரண அலை வேண்டாம். 8 செகண்ட் அலை 10 மீட்டர் ஆழத்துல நிஜமா 8.9 மீ/செ கிட்ட போகும், உங்க கோடு 9.9னு ஓட்டும். அதுக்கு, அலை நீளத்தைப் பொறுத்து வேகம் மாறறதையும் கணக்குல எடுக்கற பூசினெஸ்க் மாடல் இல்லன்னா ஸ்வாஷ்ங்கற சாஃப்ட்வேர் பாருங்க, அலை ரொம்ப நீளமான சுனாமிக்கு இப்ப இருக்கறதே போதும்.