பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வாரம் 60 கிலோமீட்டரா?

தண்ணீர்மலை_தம்பி: பட்டர்வொர்த் பக்கம் ஒரு அப்பா வாட்சப் குழுவில் பெருமையாகப் போட்டிருக்கிறார். மகனுக்கு 12 வயதாம், வாரம் 60 கிலோமீட்டர் ஓடுகிறானாம், கென்யா மாரத்தான் வீரர் கிப்சோகே மாதிரி வர வேண்டுமென்றால் இப்போதே தொடங்க வேண்டுமாம். கீழே ஒரே கைதட்டல். இப்போதே 60 என்றால் 18 வயதில் என்ன, தினமும் பினாங்குப் பாலத்தில் போய் வருவானா?

செந்தூல்_எக்ஸ்பிரஸ்: வந்துட்டாரு டாக்டர். நார்வே ஓட்டக்காரன் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் சின்ன வயதிலிருந்தே பயிற்சிதான். 2017இல், 16 வயதில், ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடினான். அப்புறம் தோக்கியோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம். அவன் அப்பா உங்களிடம் அனுமதி கேட்டாரா?

பழைய_ஸ்பைக்: ரெண்டு பேரும் நிறுத்துங்கள். எந்த 60? வார்ம்-அப் சேர்த்தா, சேர்க்காமலா? சேர்த்து 60 என்றால் உண்மையான ஓட்டம் 40தான் வரும்.

தண்ணீர்மலை_தம்பி: அண்ணே, வார்ம்-அப் எது, ஓட்டம் எது என்று முழங்காலுக்குத் தெரியுமா? பையன்கள் 13, 14 வயதில்தான் மடமடவென்று வளர்கிறார்கள். எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும், முழங்காலுக்குக் கீழே புடைத்துக்கொண்டு வலிக்கும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். என் அக்கா மகன் 13 வயதில், படிவம் 1 படிக்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் படியிறங்குவான். கோச் என்ன சொன்னார் தெரியுமா? "சப்பாத்து சரியில்லை."

பழைய_ஸ்பைக்: கேட்டதற்குப் பதில் இல்லை. வார்ம்-அப் சேர்த்தா, சேர்க்காமலா?

செந்தூல்_எக்ஸ்பிரஸ்: கிப்சோகே 2003இல் பாரிசில் 5000 மீட்டர் உலக சாம்பியன். எல் குவெரூஜ், பெக்கேலே என்ற பெரிய ஓட்டக்காரர்கள் ரெண்டு பேரையும் தோற்கடித்தபோது வயது 18. தூங்கிக்கொண்டிருந்தா அந்த இடத்துக்கு வந்தார்?

தண்ணீர்மலை_தம்பி: அதே ஆள் பெர்லின் மாரத்தானை 2:01:09இல் ஓடியது 2022இல், 37 வயதில். நடுவில் 19 ஆண்டு. நான் கேட்பது அந்த 19 ஆண்டைத்தான். எம்எஸ்எஸ்எம் என்ற தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் 12 வயதில் ஜெயிப்பவன் பல நேரம் சீக்கிரம் வளர்ந்த பையன், அவ்வளவுதான். மற்றவர்கள் வளர்ந்து எட்டிப்பிடித்ததும் மனசு விட்டுப்போய் நிறுத்திவிடுகிறான்.

ரெண்டு_பிள்ளை_அம்மா: பெண் பிள்ளைகளைப் பற்றி யாராவது பேசுவீர்களா? என் மகள் குறுக்கோட்டத்தில் நன்றாக ஓடியவள். வயதுக்கு வந்த பிறகு கொஞ்சம் வேகம் குறைந்தது. உடனே எடையைக் குறை என்றார்கள். சோற்றை நிறுத்தினாள், மாதவிலக்கும் நின்றது. கடைசியில் கணுக்காலுக்கு மேலே எலும்பில் கீறல். சாப்பாடு போதாமல் ஓடினால் எலும்பு மெலியும் என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

பழைய_ஸ்பைக்: வருத்தமான விஷயம்மா. வாரம் எத்தனை ஓடினாள்? வார்ம்-அப் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரெண்டு_பிள்ளை_அம்மா: உங்களுக்கு வேறு கேள்வியே வராதா?

பழைய_ஸ்பைக்: கணக்கு தெரியாமல் கண்ணீர் விட்டு என்ன பயன்? எங்கள் காலத்தில் நம்ம மலேசிய வீரர் ராஜ்குமார் 1985இல் ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 1:47.37இல் ஓடித் தங்கம் வாங்கினார். அப்போது வாட்சப்பும் இல்லை, கையில் கட்டும் ஜிபிஎஸ்ஸும் இல்லை. இன்றைக்கு இலவச மைலோ பானம் தரும் வண்டியைப் பார்த்தால் மட்டும்தான் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

செந்தூல்_எக்ஸ்பிரஸ்: அண்ணே, பேசுவது நெடுந்தூரம். 800 எங்கே வந்தது?

பழைய_ஸ்பைக்: 800 ஓட்டம் இல்லையா? தம்பி, நீ ஒரு தடவை முழு வேகத்தில் ஓடிக் காட்டு, அப்புறம் பேசு. கோலாலம்பூர்க்காரர்கள் தித்திவங்சா ஏரியை அரைச் சுற்று சுற்றிவிட்டு அரை மணி நேரம் படம் எடுப்பவர்கள்.

செந்தூல்_எக்ஸ்பிரஸ்: ஆமாம், பினாங்கில் எல்லாரும் ஒலிம்பிக் வீரர்கள். கொளுத்தும் வெயிலில் பிள்ளைகளுக்குக் குறுக்கோட்டம் வைத்துவிட்டு, கோச் குடைக்குக் கீழே நிற்பார். நானே பார்த்திருக்கிறேன்.

தண்ணீர்மலை_தம்பி: எந்தப் பள்ளியில்? சும்மா அடித்துவிடாதீர்கள். அது சரி, அந்த 60க்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

பழைய_ஸ்பைக்: நான் முதலிலேயே கேட்டுவிட்டேன். நீதான் சொல்லவில்லை. சேர்த்தா, சேர்க்காமலா?

செந்தூல்_எக்ஸ்பிரஸ்: குடை கறுப்புக் குடை. ஆதாரம் வேண்டுமென்றால் படம் போடுகிறேன்.