கிணற்றில் சாயக் கழிவு: ஆறு மாதக் கெடு தாண்டிவிட்டது, இனி வழி உண்டா?

எங்கள் கிணறு கெட்டுவிட்டது. இடம்: நொய்யல் கரை, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. 2024 ஆகஸ்டில் தண்ணீர் முதன்முறையாகச் செந்நிறமாக வந்தது. இன்று மாடுகள்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. மழை பெய்யும் இரவுகளில் ஓடையில் நுரை பொங்குகிறது. விடிந்தால் தடயமே இருப்பதில்லை.

ஆய்வகத்தில் சோதித்தேன். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 4,600 மில்லிகிராம். குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு 500தான். வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை. உரிய அலுவலகத்தில் மூன்று முறை மனு கொடுத்தேன். ஆய்வுக்கு ஒருமுறை பகலில் வந்தார்கள், ஓடை வறண்டிருந்தது, போய்விட்டார்கள். காவல் நிலையத்தில் மனுவை வாங்கவே இல்லை. இரவில் எடுத்த படங்கள் இருக்கின்றன, ஆனால் கழிவைத் திறந்துவிடுவது எந்த ஆலை என்பதற்குச் சான்று இல்லை. 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது இந்தத் துயரம் தீர்ந்தது என்று அப்பா நம்பினார்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கான சட்டத்தில், சுற்றுச்சூழல் தகராறுகளுக்கான 14ஆம் பிரிவில் மனு செய்ய உள்ள ஆறு மாதக் கெடு கடந்துவிட்டது. இழப்பீட்டுக்கான 15ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுகள் உண்டு. ஆலையின் பெயரைக் குறிப்பிடாமலே அந்தப் பிரிவில் சென்னை அமர்வில் மனு செய்ய முடியுமா?