கே ரொமான்ஸ் நாவல்கள்: முக்கால் புத்தகத்தில் வரும் பிரிவும் சென்னைக் கதைகளும்

காகிதப்புலி கேட்டது:
சமீபத்துல வர்ற ஆங்கில கே ரொமான்ஸ் (ரெண்டு ஆண்களோட காதல்) நாவல்களை விடாம படிக்கிறவங்க சொல்லுங்க. முதல் பாதி பிரமாதமா போகுது. முக்கால்வாசி தாண்டினதும் ஏதோ ஒரு தப்பெண்ணம், உடனே பிரிவு, நாலு அத்தியாயம் அழுகை, கடைசியில ஏர்போர்ட்லயோ மேடையிலயோ மன்னிப்பு. இது இந்த வகையோட விதியா, இல்ல எழுதறவங்க சோம்பேறித்தனமா? வாங்கறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க வழி இருக்கா? இன்னொண்ணு, சென்னையில நடக்கறதா ஆன்லைன்ல வர்ற கதைகள் ஏன் அமெரிக்கக் கதைக்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரியே இருக்கு?

மழைக்கால_வாசகன்:
விதின்னு பாத்தா ரெண்டுதான்: காதல் மையமா இருக்கணும், முடிவு நல்லபடியா இருக்கணும். அந்த ரெண்டாவதை லேசா எடுத்துக்காதீங்க. ஆங்கில எழுத்தாளர் ஈ.எம். ஃபார்ஸ்டர் 1913-14ல எழுதின 'மாரிஸ்' நாவல்ல ரெண்டு ஆண்களும் சேர்ந்தே ஆகணும்னு பிடிவாதமா இருந்தார். அவர் செத்தப்புறம் 1971லதான் அது அச்சாச்சு.

பிரிவு கட்டாயமே இல்ல. 350 பக்க நாவல்ல 260-280க்குள்ள அது வந்து விழுதுன்னா, திரைக்கதைப் பாடத்தோட அளவுகோலை அப்படியே பிடிச்சு எழுதியிருக்காங்கன்னு அர்த்தம். பிரிவுக்குக் காரணம் என்னங்கறதைப் பாருங்க. ஒருத்தனால வீட்டுல சொல்ல முடியல, இன்னொருத்தனால இனிமே ஒளிஞ்சு வாழ முடியல. இது உக்காந்து பேசினாலும் தீராது, அதனால பிரிவு வலிக்கும். பாதி காதுல விழுந்த போன் பேச்சுக்காகப் பிரிஞ்சாங்கன்னா, ஒரு டீ குடிக்கிற நேரத்துல தீர்ந்துடும். நமக்குக் கடுப்பு வர்றது அங்கதான். ஹாக்கி வீரர்கள் கதைகள் இவ்வளவு ஓடறதும் இதனாலதான். எதிரெதிர் டீம், ஒப்பந்தம், டிரெஸ்ஸிங் ரூம் கிண்டல் எல்லாமே தடை. எழுத்தாளர் தனியா ஒண்ணு ஜோடிக்க வேண்டியதில்ல.

வாங்கறதுக்கு முன்னாடி சாம்பிளை முழுசாப் படிங்க. கிண்டில்ல பொதுவா முதல் பத்து சதவீதம் வரும். அதுக்குள்ள ரெண்டாவது ஆளுக்கு ஹீரோவைத் தவிர வேற ஏதாவது வேணும்னு தெரியுதா? கடன், வேலை, அண்ணனோட சண்டை, எதுவானாலும் சரி. ஒண்ணுமே இல்லேன்னா அவன் அழகா இருக்க மட்டும்தான் வந்திருக்கான், பின்னாடி தப்பெண்ணம் நிச்சயம். ரெண்டு பேர் பார்வையிலயும் மாறி மாறிப் போற நாவலா இருந்தா, அத்தியாயத் தலைப்புல இருக்கற பேரை விரலால மறைச்சுட்டு ஒரு பக்கம் படிங்க. யார் பேசறாங்கன்னு புரியலேன்னா காசு மிச்சம். ரிவ்யூல அஞ்சு ஸ்டார் பக்கம் போகாதீங்க, மூணு ஸ்டார்காரங்கதான் பிரிவு எதுக்குன்னு புட்டுப் புட்டு வைப்பாங்க.

கோடம்பாக்கம்_பாலம்:
வேட்டி விஷயத்துக்கு வர்றேன். 'லாட்ஜ்ல ஒரே ஒரு கட்டில்தான் இருக்கு' காட்சியை அப்படியே இங்க கொண்டு வந்து போடறாங்க. திருவல்லிக்கேணி மேன்ஷன்ல ஒரே ரூம்ல மூணு பேர் படுத்திருப்பாங்க. யாரு திரும்பிப் பாக்கப் போறா? மெரினாவுல ரெண்டு பசங்க தோள்ல கை போட்டு நடந்தாலும் சுண்டல்காரர் கண்ணுக்கு நண்பர்கள்தான். அதனால கட்டில்ல பதற்றம் இல்ல. யாருக்கும் சந்தேகம் வராத இந்த சௌகரியம் எப்ப தீருதுங்கறதுதான் பதற்றம். தங்கச்சி கல்யாணம் முடியும், ஜாதகம் வெளிய போகும், குடும்ப வாட்ஸாப் குரூப்ல பொண்ணு போட்டோ வந்து விழும். முப்பத்தஞ்சு வயசுலயும் ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா, 'ஃபேமிலி எப்ப வர்றாங்க?'ன்னு ஹவுஸ் ஓனர் கேக்க ஆரம்பிப்பார்.

அம்மா அப்பாவை சோபாவுல உக்கார வெச்சு உண்மையைச் சொல்ற காட்சியும் இப்படித்தான். இங்க சத்தம் போடறதை விட பயங்கரமானது, கேக்காத மாதிரியே இருந்துடறது. மறுநாள் காலையில அப்பா தரகர் நம்பரைத் தேடிக்கிட்டு இருப்பார்.

தேதி_சரியா:
சட்ட விஷயத்துலதான் நிறைய கதை கவுந்துடுது. ஒரே பாலின உறவைக் குற்றமாக்கின தண்டனைச் சட்டப் பிரிவு 377ஐ டெல்லி ஹைகோர்ட் தளர்த்தினது 2009 ஜூலை 2. சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணினது 2013 டிசம்பர் 11. மறுபடி தளர்ந்தது 2018 செப்டம்பர் 6. 2011ல நடக்கற கதையில 'உள்ள தள்ளிடுவேன்'னு 377ஐக் காட்டி மிரட்டற போலீஸ் சட்டப்படி தப்பு. அதே மிரட்டல் 2015ல சரியாப் பொருந்தும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் 'சரிபண்ற' காட்சி 2021 ஜூனுக்கு அப்புறம் வந்தா, அதை மெட்ராஸ் ஹைகோர்ட் தடை பண்ணினது கதைக்குள்ள யாராவது ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்.

எபிலாக்ல ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம் வேண்டாம். ஒரே பாலினக் கல்யாணம் பத்தி சுப்ரீம் கோர்ட் குடுத்த 2023 அக்டோபர் 17 தீர்ப்புக்கப்புறமும் இங்க அதுக்கு வழியில்ல. 2024 ஆகஸ்ட்ல, இப்படிப்பட்ட ஜோடிகள் ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்கவும் துணையை நாமினியாப் போடவும் தடையில்லன்னு நிதி அமைச்சகம் தெளிவுபடுத்திச்சு. பேங்க் கவுன்டர்ல 'உறவு' கட்டத்துல என்ன எழுதறதுன்னு ரெண்டு பேரும் முழிக்கறதே நல்ல கடைசி அத்தியாயம்.

காகிதப்புலி:
அருமைங்க. தமிழ்ல எழுதறப்ப நெருக்கமான காட்சிகள் மட்டும் ஏன் இவ்வளவு குழப்பமா வருது?

மழைக்கால_வாசகன்:
ரெண்டு பேருமே 'அவன்'. 'சட்டையைக் கழட்டினான், தோளைத் தொட்டான்'னா யாரு, யாரோட தோள்? யார் பார்வையோ அவனுக்குப் பேரே வேண்டாம், வினைமுற்றே போதும். மத்தவனுக்கு மட்டும் பேர் குடுங்க. ஒரு பத்தியில பார்வை மாறவே கூடாது.

கோடம்பாக்கம்_பாலம்:
கூடவே ஒண்ணு. தேங்காய் எண்ணெயும் காண்டமும் ஒரே காட்சியில வர்ற கதைகள் எக்கச்சக்கம். எண்ணெய் பட்டா லேடெக்ஸ் பலவீனமாகிக் கிழியும். தண்ணி அடிப்படையிலான, இல்ல சிலிக்கான் லூப் (வழுவழுப்புக்கான ஜெல்)தான் சரி. மெடிக்கல் ஷாப்லயே கிடைக்குது, அதைப் பேர் சொல்லிக் கேக்கற கூச்சத்தை வெச்சே அரைப் பக்கம் எழுதலாம்.